துருப்பிடித்த மோட்டார் வண்டியைத் தாமே செப்பனிட்டு வர்ணம் பூசலாமா?

நிலம் வைத்துச் சாகுபடி செய்வோரின் வீடுகளில், உழவு மாடும் பார வண்டியும் நின்ற கொட்டகையில் இன்று பெரும்பாலும் ஜீப்பும் டிராக்டரும் டிரெய்லரும் நிற்கின்றன. மாடு தீனி எடுக்காவிட்டால் அன்றைக்கே வைத்தியரை அழைத்து வரும் குடியானவர், வண்டியின் தகட்டில் துரு கண்டால் இரண்டு மழைக்காலம் வரையில் அதைப் பொருட்படுத்துவதில்லை. பிறகு வீட்டில் ஒரு சுப காரியம் வரும்போதோ, வண்டியின் பதிவைப் புதுப்பிக்க வேண்டிய காலம் நெருங்கும்போதோ, “பட்டறைக்கு விட்டால் ஏராளமான பணம் கேட்பார்கள்; நாமே தேய்த்து வர்ணம் அடித்துவிட்டால் என்ன?” என்ற எண்ணம் எழுகிறது.

இவ்வெண்ணம் தவறானதன்று. வேலையில் ஒரு பெரும் பகுதி, பொறுமையும் கைப்பழக்கமும் உள்ள எந்தக் குடியானவராலும் செய்யக்கூடியதே. ஆனால் எந்தப் பகுதி தம்மால் ஆகும், எந்தப் பகுதி ஆகாது என்பதை வர்ண டப்பாவைத் திறப்பதற்கு முன்னர்த் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். துரு எவ்வளவு விகாரமாகத் தோன்றுகிறது என்பதைக் கொண்டு தீர்மானிக்கலாகாது. அது வண்டியின் எந்த உறுப்பில், எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதைக் கொண்டே தீர்மானிக்க வேண்டும். இக்கட்டுரையின் சாரம் இதுவே.

துரு உண்டாகும் விதம்

இரும்பும், நீரும், காற்றிலுள்ள பிராணவாயுவும் ஒன்றுசேரும் இடத்தில் துரு உண்டாகிறது. இம்மூன்றில் ஒன்று இல்லாவிடினும் துரு இல்லை. வர்ணத்தின் முதல் வேலை அழகு செய்வதன்று. நீரையும் காற்றையும் இரும்பின் மேல் படாமல் தடுப்பதேயாகும்.

அலுமினியத்தின் மேல் தோன்றும் மாசு, கெட்டியான மெல்லிய படலமாக அமைந்து, அடியிலுள்ள உலோகத்தைக் காக்கிறது. இரும்பின் துருவோ அத்தன்மையது அன்று. அது பொரிபொரியாக உப்பி, தான் அழித்த இரும்பைக் காட்டிலும் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். கடற்பஞ்சுபோல் நீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு, அடியிலுள்ள இரும்பையும் அரித்துக்கொண்டே செல்லும். ஆகையால் துருவின் மேல் வர்ணம் பூசுவது, கரையான் ஏறிய உத்தரத்திற்குச் சுண்ணாம்பு அடிப்பதை ஒக்கும். சில மாதங்களில் வர்ணம் கொப்புளித்து உதிர்ந்துவிடும். அதற்குள் உள்ளே நடந்த சேதம் ஒருவர் கண்ணிலும் படாமல் வளர்ந்திருக்கும்.

கிராமத்தில் துருவுக்குத் துணை செய்பவை

பட்டணத்து வண்டியைக் காட்டிலும் கிராமத்து வண்டி விரைவில் துருப்பிடிப்பதற்குத் தக்க காரணங்கள் உண்டு. முதலாவது உப்பு. அமோனியம் ஸல்பேட், மியூரியேட் ஆப் பொட்டாஷ் முதலிய உரங்கள் உப்புக்களே. இவை காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் தகட்டின் மேல் நனைவாக வைத்திருக்கும்; பொட்டாஷிலுள்ள குளோரைடு இரும்பை மிகவும் கடுமையாக அரிக்கும். உர மூட்டை ஏற்றிய டிரெய்லரைக் கழுவாமல் நிறுத்துபவர், தம் கையாலேயே துருவுக்கு விதை தெளித்தவராகிறார். கோழி எருவும் மாட்டுச் சாணமும் இத்தகைய கேட்டையே செய்யும். கடற்கரையை அடுத்த கிராமங்களில் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்கிறது.

இரண்டாவது சேறு. வயலிலிருந்து வந்த சேறு மட்கார்டின் உட்புறத்திலும் அடிச்சட்டத்தின் மடிப்புகளிலும் அடைந்து, வெளியே வெயில் காய்ந்தாலும் உள்ளே பல நாள் ஈரமாகவே இருக்கும். மூன்றாவது, வண்டியை மண் தரையிலோ வைக்கோற் கூளத்தின் மேலோ நிறுத்துவதும், காற்றுப் புகாத தார்ப்பாயால் இறுக மூடிவைப்பதுமாம். மூடினால் பாதுகாப்பு என்று பலர் எண்ணுகின்றனர். உள்ளே அடைபட்ட ஈரம் இரவில் குளிர்ந்து தகட்டின் மேல் நீராக இறங்குவதை அவர்கள் நினைப்பதில்லை. நாற்புறமும் திறந்து மேற்கூரை மாத்திரம் உள்ள கொட்டகையே இதற்கு மேலானது.

துருவின் மூன்று நிலைகள்

முதல் நிலை மேல்துரு. தகடு செந்நிறமாக மாறியிருக்கும். உப்புத்தாளால் தேய்த்தால் சிறிது நேரத்தில் பளபளப்பான இரும்பு தோன்றும். தகட்டின் கனம் குறைந்திராது. இதைக் குடியானவர் தாமே நீக்கிக்கொள்ளலாம்.

இரண்டாவது நிலை குழித்துரு. துரு அடுக்கடுக்காகப் பெயரும். தேய்த்தபின் அம்மைத் தழும்பு போன்ற குழிகள் காணப்படும். கதவு, பானெட், மட்கார்டு போன்ற மேல் தகடுகளில் இந்நிலை இருந்தால், முயற்சியுடையவர் தாமே பார்க்கலாம். அடிச்சட்டத்தில் இருந்தால் தக்க தொழிலாளியைக் கொண்டு சோதித்தல் அவசியம்.

மூன்றாவது நிலை ஓட்டைத்துரு. இரும்பு முற்றும் தின்னப்பட்டுத் தகடு பொத்தலாகியிருக்கும். வண்டிகளின் மேல் தகடு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் கனமோ அதற்கும் குறைவாகவோ உள்ளதாகையால், உட்புறத்திலிருந்து தொடங்கிய துரு வெளியே ஒரு சிறு கொப்புளமாகத் தெரியும்போதே உள்ளே உள்ளங்கையளவு இடம் கெட்டிருப்பது வழக்கம். இந்நிலைக்கு வர்ணமும் மருந்தன்று, பட்டியும் மருந்தன்று. கெட்ட பாகத்தை நல்ல இரும்பு வரும்வரை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தலே பரிகாரம்.

சோதனை செய்யும் முறை

முதலில் வண்டியை நன்றாகக் கழுவி ஒரு நாள் காயவிட வேண்டும். பின்னர்ப் பகல் வெளிச்சத்தில் சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்கு அண்டை கொடுத்து, அடிப்புறத்தைப் பார்க்க வேண்டும். ஜாக்கியை மாத்திரம் நம்பி வண்டியின் கீழே ஒருபோதும் நுழையலாகாது; கெட்டியான தாங்கிகளை வைத்த பிறகே நுழைய வேண்டும். துருப்பிடித்த வண்டியில் ஜாக்கி வைக்கும் இடமே உள்வாங்கி முறிவதுண்டு.

ஒரு ஸ்குரூ டிரைவரின் பிடியால் அடிச்சட்டத்தை ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே செல்க. நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும்; கெட்ட இரும்பு சொத்தைத் தேங்காய்போல் மந்தமாக ஒலிக்கும். மந்தமான இடத்தில் முனையை வைத்து அழுத்தினால், உள்ளே இறங்குகிறதா என்பது தெரிந்துவிடும். வில் பட்டைகள் அடிச்சட்டத்தில் சேரும் இடம், பின்புறக் குறுக்குச் சட்டம், உடலை அடிச்சட்டத்தோடு பிணைக்கும் போல்ட்டுகளின் சுற்றுப்புறம், ஸ்டியரிங் பெட்டி பொருத்திய இடம், பாட்டரியின் அடித்தட்டு, பிரேக் குழாய்கள், டீஸல் தொட்டியின் அடிப்பாகம், கதவின் கீழ் விளிம்பு ஆகியவற்றைத் தவறாமல் பார்க்க வேண்டும். டிரெய்லரில் இழுவைக் கொக்கியும் அது பற்றவைக்கப்பட்ட இடமும் முதற்கண் பார்க்கத்தக்கவை.

வண்டியைப் பிறரிடமிருந்து பழையதாக வாங்கியவர்கள், ஒரு சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி மேல் தகடுகளின் மேல் நகர்த்திப் பார்ப்பது நன்று. காந்தம் பற்றாத இடத்தில் இரும்புக்குப் பதிலாகக் கனத்த பட்டி நிரப்பப்பட்டிருக்கலாம்.

வண்டியின் அமைப்பையும் அறிந்திருத்தல் வேண்டும். ஜீப், டிரெய்லர் போன்றவற்றில் அடிச்சட்டம் வேறு, மேலுடல் வேறு. பாரத்தைத் தாங்குவது அடிச்சட்டம். ஆகவே மேல்தகடு கெட்டாலும் சட்டம் நன்றாயிருந்தால் வண்டி பிழைக்கும். அம்பாஸடர், மாருதி 800 போன்ற கார்களில் தனி அடிச்சட்டம் இல்லை, உடலே சட்டமாகும். இவ்விரு கார்களின் உற்பத்தியும் 2014-ஆம் ஆண்டில் நின்றுவிட்டபோதிலும், கிராமங்களில் இன்றும் ஓடுகின்றன. இவற்றின் கதவுகளுக்குக் கீழே நீளவாட்டில் ஓடும் பெட்டிபோன்ற பாகமும், தரைத் தகடும், முன் சக்கரங்களின் மேலுள்ள கவசத் தகடும் வண்டியின் முதுகெலும்பைப் போன்றவை. அவ்விடங்களில் ஓட்டை இருப்பின் அதை வெறும் தகட்டுப் பொத்தல் என்று எண்ணலாகாது.

மூடி மறைத்த துருவின் விளைவு

நான் சுற்றுப்பிரயாணம் செய்யும் வட்டாரத்தில் ஒரு நிலக்கிழார், தம் மகள் விவாகத்திற்கு முன் பழைய ஜீப்புக்குப் புது வர்ணம் அடித்தார். அடிச்சட்டத்தில் பெயர்ந்த இடங்களையெல்லாம் பட்டி வைத்து மூடிக் கறுப்பு வர்ணம் பூசியிருந்தது. பார்வைக்கு வண்டி புதிது போலவே விளங்கிற்று. அவ்வாண்டு அறுவடையில் நெல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு வாய்க்கால் மேட்டில் ஏறும்போது, பின் வில்லைத் தாங்கும் கொண்டி சட்டத்தோடு பிய்ந்து, வண்டி ஒருபுறமாகச் சாய்ந்தது. மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்த கூலியாளுக்குக் காலெலும்பு முறிந்தது. துரு வெளியே தெரிந்துகொண்டிருந்திருக்குமாயின் யாராவது ஒருவர் எச்சரித்திருப்பர். வர்ணம் அந்த எச்சரிக்கையை மறைத்துவிட்டது. தன் வண்டியில் பிறரை ஏற்றுபவர் இதை மறவாதிருத்தல் வேண்டும்.

தாமே செய்யத்தக்கவையும் தகாதவையும்

குடியானவர் தாமே செய்யத்தக்க வேலைகள்: வண்டியைக் கழுவிப் பிரித்தல், விளக்கு, கைப்பிடி, ரப்பர் பட்டை முதலியவற்றைக் கழற்றி அடையாளமிட்டு வைத்தல், மேல்துருவைத் தேய்த்து நீக்கல், துருமாற்றி மருந்து இடுதல், பிரைமர் பூசுதல், பாரந்தாங்காத மேல் தகடுகளில் சிறு பள்ளங்களைப் பட்டியால் சமப்படுத்துதல், டிரெய்லர், அடிச்சட்டம், தரைத்தகடு இவற்றிற்குப் பிரஷ்ஷினால் எனாமல் வர்ணம் அடித்தல், உட்புழைகளுக்கு மெழுகெண்ணெய் செலுத்துதல்.

தக்க தொழிலாளியிடமே விடத்தக்கவை: அடிச்சட்டத்திலும், இழுவைக் கொக்கியிலும், சட்டமற்ற கார்களின் தாங்கு பாகங்களிலும் செய்யும் வெல்டிங், பிரேக் குழாய் மாற்றுதல், டீஸல் அல்லது பெட்ரோல் தொட்டியைப் பற்றவைத்தல், இரண்டு மருந்து கலந்து பீச்சியடிக்கும் பி.யூ. வர்ணம். காலித் தொட்டியில் எண்ணெய் இல்லை, ஆகவே பயமில்லை என்று எண்ணுவது உயிருக்கே உலையாகும்; தொட்டியிலுள்ள ஆவியே வெடிக்கும். வண்டியில் எவ்விடத்தில் வெல்டிங் செய்தாலும், முதலில் பாட்டரி இணைப்பைக் கழற்றி, அருகிலுள்ள மெத்தை, ரப்பர், எண்ணெய்க் குழாய் முதலியவற்றை அகற்றி, தீயணைப்பானும் மணல் வாளியும் பக்கத்தில் வைத்திருக்க வேண்டும்.

செலவை உண்மையாகக் கணக்கிடுதல்

பட்டறைக்காரர் கேட்கும் தொகையிலிருந்து வர்ணத்தின் விலையைக் கழித்துவிட்டு, மிச்சமெல்லாம் தமக்கு இலாபம் என்று பலரும் எண்ணுகின்றனர். சாகுபடிக் கணக்கில் சொந்த உழைப்புக்கும் கூலி போட்டுப் பார்ப்பதுபோல் இங்கும் பார்க்க வேண்டும். கீழ்க்காணும் தொகைகள் கணக்கிடும் முறையை விளக்குவதற்காக வைத்துக்கொண்டவையே. விலைவாசி ஊருக்கு ஊர் வேறுபடும்.

பட்டறைக்காரர், வெல்டிங் உட்பட, 55,000 ரூபாய் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தாமே செய்தால் சாமான்களுக்கு 14,000 ரூபாய். கம்பிரஸரும் தேய்ப்பு யந்திரமும் வாடகைக்கு எடுக்க 4,000 ரூபாய். சொந்த உழைப்பு 15 நாள், நாளொன்றுக்கு 700 ரூபாய் வீதம் 10,500 ரூபாய். எப்படியும் வெளியாளிடம் விட வேண்டிய வெல்டிங்குக்கு 9,000 ரூபாய். ஆகக்கூடி 37,500 ரூபாய். ஆகவே உண்மையான மிச்சம் 17,500 ரூபாயேயன்றி, முதலில் நினைத்ததுபோல் 41,000 ரூபாய் அன்று. அந்நாட்களில் வண்டி ஓடாததால் கொடுக்க நேரும் வாடகையையும் இதிலிருந்து கழித்துக்கொள்ள வேண்டும்.

இன்னும் ஒன்று. வண்டியின் பெறுமதி வர்ணத்தினால் செலவிட்ட அளவுக்கு உயர்வதில்லை. செப்பனிடும் மொத்தச் செலவு, நல்ல நிலையிலுள்ள அதே மாதிரிப் பழைய வண்டியின் விலையில் பாதியைத் தாண்டுமாயின், அவ்வேலையைத் தொடங்காமலிருப்பதே விவேகம் என்பது எம் கருத்து. சட்டமே பல இடங்களில் கெட்டுவிட்ட வண்டியை, 2021-ஆம் ஆண்டின் விதிகளின்படி பதிவு பெற்ற வாகனக் கழிப்பு நிலையத்தில் ஒப்படைத்துச் சான்று பெற்றுக்கொள்ளலாம். புது வண்டி வாங்கும்போது அச்சான்றினால் சலுகை உண்டு.

பலருக்கும் ஏற்ற நடுவழி ஒன்றுண்டு. பிரித்தல், தேய்த்தல், அடிப்புற வேலை இவற்றைத் தாமே செய்துகொண்டு, வெல்டிங்கையும் கடைசி மேல்வர்ணத்தையும் மாத்திரம் பட்டறைக்கு விடுவதே அது. பட்டறைச் செலவில் பெரும்பகுதி தேய்க்கும் கூலியே ஆதலால் பணமும் மிஞ்சும். எந்த இடத்தில் இரும்பு எப்படி இருக்கிறது என்பதை உடையவர் தம் கண்ணால் கண்டதாகவும் ஆகும்.

வேலை செய்யும் முறை

முதலில் சோப்பு நீராலும், பின் கிரீஸ் நீக்கும் திரவத்தாலும் எண்ணெய்ப் பசையை நீக்க வேண்டும். இதைச் செய்யாமல் தேய்த்தால் உப்புத்தாள் எண்ணெயை இரும்பின் குழிகளுக்குள்ளேயே அழுத்திவிடும். பிறகு கம்பிப் பிரஷ்ஷாலும் 80-ஆம் எண் தாளாலும் துருவைச் சுரண்டி, கொப்புளம் தெரியும் இடத்தைச் சுற்றிலும் பளபளப்பான இரும்பு வரும்வரை நாற்புறமும் தேய்த்துச் செல்ல வேண்டும். பழைய வர்ணங்களில் ஈயம் இருக்கக்கூடும். வீட்டு வர்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாது என்ற விதி 2017 நவம்பர் முதல் அமலில் உள்ளது. அவ்விதி வீட்டு வர்ணத்தைப் பற்றியதேயன்றி, வண்டிகளின் மேலுள்ள பழைய வர்ணத்தைப் பற்றியதன்று. ஆகையால் நீர் தொட்டுத் தேய்த்தலும், தூசி வடிக்கும் முகக் கவசம் அணிதலும், குழந்தைகளையும் கால்நடைகளையும் தூர நிறுத்துதலும் அவசியம். தேய்த்த தூளைக் கூட்டி ஓரிடத்தில் சேர்த்து அப்புறப்படுத்த வேண்டும். தீவனத் தொட்டியருகே விடலாகாது. ஆற்று மணலைப் பீச்சித் துருவை அகற்றும் முறையைக் கையாளலாகாது. அதிலிருந்து எழும் நுண்ணிய தூள் நுரையீரலில் தங்கித் தீராத நோயை விளைவிக்கும்.

குழிகளுக்குள் எஞ்சிய துருவுக்குத் துருமாற்றி மருந்து இட வேண்டும். இம்மருந்துகள் இரு வகை. ஒன்று பாஸ்பாரிக் அமிலம் சேர்ந்தது. அது துருவை இரும்புப் பாஸ்பேட்டாக மாற்றும். டில்லியில் குதுப்மினாருக்கு அருகிலுள்ள இரும்புத் தூண் ஏறத்தாழ 1600 ஆண்டுகளாக அழியாமல் நிற்பதற்கு, அவ்விரும்பில் மிகுந்துள்ள பாஸ்பரஸினால் உண்டான காப்புப் படலம் ஒரு முக்கிய காரணம் என்பர். மற்றொன்று டானின் சேர்ந்தது. கடுக்காய்ச் சாற்றில் அன்னபேதியைச் சேர்த்தால் கறுத்த மை உண்டாவதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். கடுக்காயிலுள்ள டானினும் அன்னபேதியிலுள்ள இரும்பும் கூடுவதே அம்மையின் கறுப்பு. டானின் மருந்து துருவின் மேல் பட்டதும் கறுப்பதும் இவ்வாறே. இம்மருந்துகள் குழிகளில் தங்கிய மெல்லிய துருவுக்கே ஏற்றவை. பெயரும் துருவின் மேல் பூசினால் பயனில்லை. கையுறையும் கண்ணாடியும் அணிந்து, டப்பாவின் மேல் எழுதியுள்ளபடி காயவிட்டோ கழுவியோ, அதன்பின் பிரைமர் பூச வேண்டும்.

தேய்த்த இரும்பை இரவு முழுவதும் வெறுமையாக விடலாகாது. அன்று தேய்த்த இடத்திற்கு அன்றே பிரைமர் பூசுதல் முறை. எபாக்ஸி பிரைமர் இரும்போடு நன்றாகப் பற்றும். ரெட் ஆக்ஸைடு மலிவானது, டிரெய்லருக்குப் போதும். ஆனால் எந்தப் பிரைமரும் முடிவான காப்பன்று. செந்நிறப் பிரைமரோடு மாதக்கணக்கில் மழையில் நிற்கும் டிரெய்லர்களை எங்கும் காண்கிறோம். அப்பூச்சினூடே ஈரம் இறங்கி, அடியில் மறுபடியும் துரு பிடித்துவிடுகிறது. மேல்வர்ணம் வாங்கப் பணம் சேர்ந்த பிறகே தேய்க்கத் தொடங்குவது நலம்.

பட்டியும் ஈரத்தை உறிஞ்சுவதே. அதைத் துருவின் மேலோ பொத்தலின் மேலோ வைக்கலாகாது. நல்ல இரும்பின் மேலுள்ள சிறு பள்ளத்தை நிரப்பவே அது உதவும். தேய்த்து முடிந்தபின் சுமார் 3 மில்லிமீட்டருக்கு மேற்படாதிருக்க வேண்டும். பட்டியை 120 முதல் 180 வரையுள்ள தாளாலும், மேல்வர்ணத்திற்கு முன் பிரைமரை 400-ஆம் எண் வாட்டர் பேப்பராலும் தேய்ப்பது வழக்கம். கதவு, அடிச்சட்டம் இவற்றிலுள்ள நீர் வடியும் துளைகளை வர்ணமோ பட்டியோ அடைத்துவிடாமல் காத்து, கடைசியில் உட்புழைகளில் மெழுகெண்ணெயைச் செலுத்த வேண்டும். இதற்குக் கழிவு எஞ்சின் எண்ணெயை உபயோகிக்கும் வழக்கம் விடத்தக்கது. அதிலுள்ள அமிலம் இரும்புக்கும், ஏனைய கழிவுகள் மனிதரின் தோலுக்கும் மண்ணுக்கும் கேடு செய்யும்.

வர்ணத்தின் வகையும் அபாயமும்

பிரஷ்ஷால் அடிக்கும் ஸிந்தெடிக் எனாமல் மெதுவாகக் காயும், பளபளப்புக் குறைவு, ஆனால் டிரெய்லருக்கும் அடிப்புறத்திற்கும் போதுமானது. பட்டறைகளில் பீச்சியடிக்கும் பி.யூ. வர்ணம் கடினமானது, நெடுநாள் உழைப்பது. ஆனால் அதை இறுக்குவதற்குக் கலக்கும் மருந்தில் ஐஸோஸயனேட் என்னும் பொருள் உண்டு. பீச்சும்போது எழும் புகையை மூச்சில் இழுப்பவருக்கு ஆஸ்துமா உண்டாகலாம். ஒருமுறை உடல் ஒவ்வாமை அடைந்துவிட்டால், அதன்பின் சிறிதளவு பட்டாலும் மூச்சுத் திணறும். வாயில் துண்டு கட்டிக்கொள்வது இதற்குச் சிறிதும் பயன்படாது. வெளியிலிருந்து சுத்தக் காற்றைக் குழாய் வழியே செலுத்தும் முகமூடி வேண்டும். அஃதில்லாதவர் வீட்டு முற்றத்தில் இவ்வர்ணத்தைப் பீச்சலாகாது. பட்டறைக்கு விடுமிடத்தும், அங்குள்ள தொழிலாளிக்கு அத்தகைய முகமூடி உண்டா என்று கேட்பது கண்ணியமான செயலாகும்.

எல்லா வர்ணங்களும் தின்னரும் எளிதில் தீப்பற்றுபவை. வைக்கோற் போர், சமையற்கட்டு, பம்புசெட்டின் சுவிட்சுப் பலகை இவற்றின் அருகில் வேலை செய்யலாகாது. மீந்த தின்னரை வாய்க்காலிலோ கிணற்றடியிலோ ஊற்றலாகாது. பூச்சிமருந்து தெளிப்பானில் வர்ணம் அடிக்க முயல்வதும், வர்ணம் அடித்த தெளிப்பானைத் திரும்பவும் பயிருக்கு உபயோகிப்பதும் அறவே கூடாதவை.

தக்க பருவம்

காற்றில் ஈரம் மிகுந்த நாட்களில் பூசிய வர்ணம் வெளுத்துப் பற்றின்றிப் போகும். ஈரம் 85 சதவீதத்திற்கு மேற்பட்டால் பூசலாகாது என்பது பொது விதி. ஐப்பசி, கார்த்திகை மழையிலும், மார்கழிப் பனியிலும் இவ்வேலையைத் தொடங்காமல், அறுவடை முடிந்து கை ஓயும் மாசி, பங்குனி மாதங்களைத் தேர்ந்துகொள்வது நன்று. அப்போதும் பனி நீர் உலர்ந்தபின் காலை பத்து மணிக்குத் தொடங்கி, பிற்பகல் மூன்று மணிக்குள் நிறுத்திவிட வேண்டும். உச்சி வெயிலில் தொட முடியாமல் சுடும் தகட்டின் மேலும் பூசலாகாது. நிழலில் நிறுத்திப் பூசுக. ஆடிக் காற்றில் புழுதி வந்து ஈர வர்ணத்தில் ஒட்டுமாதலால் அம்மாதமும் ஏற்றதன்று.

சட்டம் சம்பந்தமாகக் கவனிக்க வேண்டியவை

சொந்த உபயோக வண்டிகளின் பதிவு 15 ஆண்டு வரை செல்லும். அதன்பின் பரிசோதனைக்கு உட்பட்டு 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பரிசோதனையில் சட்டத்தில் பொறித்துள்ள சேஸிஸ் எண் தெளிவாகத் தெரிவது அவசியம். ஆகவே அவ்விடத்தைத் தேய்ப்பு யந்திரத்தால் தேய்க்கவோ, பட்டியால் மூடவோ, அதன்மேல் தகடு வைத்துப் பற்றவைக்கவோ கூடாது. மெதுவாகச் சுத்தம் செய்து, மெல்லிய காப்பு மாத்திரம் பூசலாம்.

வண்டியின் நிறம் பதிவுச் சான்றில் எழுதப்பட்டிருப்பதால், பழைய நிறத்தையே பூசுவது எளிது. நிறத்தை மாற்ற விரும்புவோர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தெரிவித்துச் சான்றில் பதிந்துகொள்வதுடன், இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் அறிவிக்க வேண்டும். பழைய ஜீப்புகளுக்கு இராணுவப் பச்சை நிறம் பூசுவதில் பலருக்கு ஆசை உண்டு. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121-ஆம் விதியின்படி அந்நிறம் இராணுவ வண்டிகளுக்கே உரியது. அடிச்சட்டத்தை மாற்றுதல் முதலிய பெரிய மாறுதல்களுக்கு, 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு பொருந்தும். முன் அனுமதியின்றிச் செய்யலாகாது.

கிராம அலுவலர்களுக்கு

ஊராட்சியின் தண்ணீர் டிரெய்லர், குப்பை வண்டி, கூட்டுறவுச் சங்க டிராக்டர் ஆகிய பொது வண்டிகளைச் செப்பனிட ஒப்பந்தம் விடும்போது, ஒரு நிபந்தனையைத் தவறாமல் சேர்க்க வேண்டும். பழைய வர்ணமும் துருவும் நீக்கப்பட்டு, பிரைமர் பூசுவதற்கு முன், இரும்பு வெறுமையாக இருக்கும் நிலையில் பொறுப்புள்ள ஒருவர் பார்த்துப் புகைப்படம் எடுத்துப் பதிவேட்டில் சேர்க்க வேண்டும் என்பதே அது. வர்ணம் பூசி முடிந்தபின் பார்த்துக் கையொப்பம் இடுவதால் ஒன்றும் தெரியாது. அவ்வொரு நாட்பார்வை, பொதுப்பணம் துருவின் மேல் பூசப்படாமல் காக்கும்.

முடிவு

தட்டிப் பார்த்துச் சட்டம் நல்லதென்று கண்டவர், மேல்துருவைத் தாமே நீக்கி வர்ணம் பூசித் தம் பொருளைச் சில ஆண்டுகள் நீடிக்கச் செய்யலாம். சட்டத்தில் கேடு கண்டவர், முதலில் செலவிடும் பணத்தை வர்ணத்திற்கன்றித் தக்க வெல்டருக்கே செலவிட வேண்டும். இரண்டும் இயலாதவர், வண்டியை நிறுத்திவைப்பாரேயன்றி, பூசி மறைத்து அதில் ஆளையும் பாரத்தையும் ஏற்றலாகாது.

செப்பனிட்ட பிறகும் வேலை முடிந்ததென்று எண்ணற்க. உரம் ஏற்றிய அன்றே வண்டியை நல்ல நீரால் கழுவுதல், மட்கார்டின் உட்சேற்றைக் குச்சியால் நீக்குதல், வடிதுளைகளைத் திறந்து வைத்தல், வர்ணம் பெயர்ந்த இடத்தை அவ்வாரமே பிரைமர் தொட்டு மூடுதல், ஆண்டுக்கு ஒருமுறை மழைக்கு முன் அடிப்புறத்தைத் தட்டிப் பார்த்தல் ஆகிய ஐந்தும் அதிகச் செலவில்லாதவை. இவற்றைக் கைக்கொள்ளும் வீட்டில், வண்டிக்கு மறுபடியும் முழு வர்ணம் பூச வேண்டிய தேவை நெடுநாள் வராது.